முதலில் தண்டவாளம், பிறகுதான் மலை

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் அப்பா மலாயா ரயில்வேயில் மண்டோராக இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் நூறு வீடுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரனோடு சேர்ந்து ஆறடிக்கு மூன்றடிப் பலகையில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டிருக்கிறேன். ஜப்பான் தயாரிப்பு, 9 மில்லிமீட்டர் தண்டவாளம், துண்டு துண்டாகச் சொருகுவது. கோலாலம்பூர் – கிள்ளான் பாதை மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு குகையாவது வேண்டும் என்பது அவன் ஆசை. பழைய நாளிதழைப் பசையில் ஊறவைத்து, வளைவின் மேல் மலை செய்தோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போகும் வண்டி பாதி நேரம் வெளியே வருவதில்லை. கடைசிப் பெட்டி தடம் புரள்கிறது. சில சமயம் இன்ஜினே நின்றுவிடுகிறது. கை நுழையாததால் பலகையைச் சாய்த்துத்தான் வண்டியை எடுக்கிறோம். இப்போது மலையில் கறுப்பாகப் பூஞ்சணம் வேறு. அடுத்ததாக, எம்.ஆர்.டி. போல ஒரு தடம் பூமிக்குள் இறங்கிப் போக வேண்டும் என்கிறான். இதெல்லாம் நடக்கிற காரியமா? எங்கே தொடங்குவது?

– வாசகி, கிள்ளான்

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்த மலையைப் பெயர்த்து எடுத்துவிடுங்கள். பேரன் முகம் வாடும், தெரியும். ஆனால் பூஞ்சணம் பிடித்த காகிதக்கூழை எப்படியும் காப்பாற்ற முடியாது. அதற்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தைக் காப்பாற்றலாம், கோளாறும் அங்கேதான் இருக்கிறது. திறந்த இடத்தில் தடம் கொஞ்சம் கோணினாலும் கண்ணில் படும், அன்றைக்கே சரிசெய்துவிடுவோம். குகைக்குள் கோணினால் அப்படியே கிடக்கும். அதனால் பலகை முழுவதிலும் மிக ஒழுங்கான தடம் குகைக்குள் போகிற பகுதிதான் என்று இருக்க வேண்டும். நடப்பது என்னவோ நேர்மாறு. பழைய, நெளிந்த துண்டுகளையெல்லாம் “உள்ளேதானே, யார் பார்க்கப்போகிறார்கள்” என்று குகைக்குள் போட்டுவிடுவார்கள்.

கடைசிப் பெட்டி ஏன் புரள்கிறது? பெரும்பாலும் சுவரில் உரசுகிறது. நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது சக்கரங்கள்தான் தடத்தோடு போகும், பெட்டியின் உடம்பு போகாது. நடுப்பகுதி வளைவின் உள்பக்கம் சாயும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். 21 மீட்டர் நீளமுள்ள ஜப்பானியப் பெட்டி 1:150 அளவில் சுமார் 140 மி.மீ. வரும். உங்கள் பலகையில் 282 மி.மீ. ஆரமுள்ள வளைவு போட்டிருந்தால், அந்தப் பெட்டி உள்ளே 4 மி.மீ., வெளியே 5 மி.மீ. கூடுதலாக இடம் கேட்கும். நேர்த்தடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தாராளமாக இடம் இருக்கிறதே” என்று வளைவில் சுவர் எழுப்பினால் உரசத்தான் செய்யும். கடைசிப் பெட்டியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்த வேறு பெட்டி இல்லை; மூலை லேசாக இடித்தாலே விலகிவிடும்.

இதற்குக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியை எடுங்கள். குட்டையான பென்சில் ஒன்றை, முனை பலகையைத் தொடும்படி, பெட்டியின் உள்பக்க நடுவில் ஒட்டுநாடாவால் கட்டிக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு பென்சிலை வெளிப்பக்க மூலைக்கு மாற்றி இன்னொரு முறை. பலகையில் இரண்டு கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு வெளியே இன்னும் 5 மி.மீ. விட்டுத்தான் எந்தச் சுவரும் வரலாம். நாளைக்குப் பேரன் இதைவிட நீளமான பெட்டி வாங்கினால் மறுபடியும் பென்சிலைக் கட்டுங்கள்.

உரசல் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது இணைப்பு. சொருகுகிற தண்டவாளத்தில் ஒரு துண்டின் முனை உலோகக் கவ்விக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் படி, பார்வைக்குத் தெரியாது. ஒவ்வொரு இணைப்பின் மேலும், பிறகு உள் விளிம்பிலும், கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் சக்கரமும் தட்டும். அந்தத் துண்டைக் கழற்றி, கவ்வியை இடுக்கியால் இலேசாக இறுக்கி, மறுபடி சொருகுங்கள். பிறகு கண்ணைத் தடத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி நெடுகப் பாருங்கள். ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் பலகைக்கும் தடத்துக்கும் நடுவே காகிதத் துண்டு கொடுத்து மட்டம் பிடிக்கலாம். மட்டம், தட அகலம், இணைப்பு: உங்கள் அப்பாவின் கேங் ஆட்கள் தடத்தோடு நடந்து நடந்து பார்த்ததும் இந்த மூன்றைத்தான். அவர்களுடைய தடம் 1000 மி.மீ., உங்களுடையது 9 மி.மீ.; வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்ஜின் நிற்பது வேறு கதை, அது மின்சாரத் தடை. மலை செய்த அன்று தண்டவாளத்தை மூடி வைத்தீர்களா என்று எழுதவில்லை. மூடாவிட்டால் பசை சொட்டியிருக்கும். வெள்ளைப் பசை காய்ந்தால் நிறமே இருக்காது, மின்சாரத்தையும் விடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். மணல்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகச் சேரும். குகையின் இரண்டு வாயிலுக்கும் பக்கத்தில் தனித்தனியாக மின்கம்பி கொடுத்துவிட்டால், நடுவில் ஓர் இணைப்பு சோர்ந்தாலும் வண்டி ஓடும். இன்னொன்று: தடம் பிரியும் பாயிண்ட்களைக் குகைக்குள் வைக்காதீர்கள். எவ்வளவு நல்ல தடத்திலும் முதலில் மக்கர் செய்வது பாயிண்ட்தான். அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில், வீட்டுக்குள், அது பெரிய விஷயமே இல்லை. இரவில் குளிர்சாதனம், பகலில் புழுக்கம் என்று பத்து டிகிரி மாறினாலும், ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் நீளுவது 0.2 மி.மீட்டருக்கும் குறைவு. ஈரம் குடித்து உப்புகிற பலகைதான் உண்மையான எதிரி. ஒட்டுப்பலகைக்கு மேலும் கீழும் மட்டும் பெயிண்ட் அடித்தால் போதாது. வெட்டிய ஓரங்கள் நாலிலும் இரண்டு பூச்சு கொடுங்கள். ஈரம் அதிகம் நுழைவது அந்த ஓரங்கள் வழியாகத்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்கள் காகிதக்கூழில் மலை செய்யச் சொல்லும். இங்கே அது காயும் முன்பே பூத்துவிடும்.

புது மலையை நுரைப்பலகையில் செய்யுங்கள். மின்சாதனப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளைப் போலிஸ்டிரின் போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அடர்ந்த வெப்பத்தடுப்புப் பலகை இன்னும் நல்லது, செதுக்கினால் உதிராது. அடுக்கடுக்காக வெள்ளைப் பசையில் ஒட்டி, கத்தியால் செதுக்கி, மேலே மருந்துக்கடைப் பிளாஸ்டர் பேண்டேஜை நனைத்துப் போர்த்துங்கள். டியூப்பில் வரும் கரைப்பான் பசையை நுரையில் வைத்தால் நுரை உருகிப் பள்ளமாகிவிடும். சூடான கம்பியால் வெட்டுவதென்றால் வீட்டுக்கு வெளியே வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மலை பலகையோடு ஒட்டக்கூடாது. இதுதான் முக்கியம். பானை மூடியைப் போல மொத்தமாகத் தூக்கி எடுக்கும்படி செய்யுங்கள். கீழே நாலு மூலையிலும் சிறு கட்டைகள் வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். மலையின் பின்பக்கம் சுவர் வேண்டாம், உங்கள் கை முழங்கைவரை போகும் அளவுக்குத் திறந்தே இருக்கட்டும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆனால் அந்தத் திறப்பில் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிடுங்கள். நம் வீட்டுப் பல்லிகளுக்கு இருட்டான, வெதுவெதுப்பான குகை என்றால் கொள்ளை ஆசை. அவை உள்ளே குடியேறினால் தண்டவாளத்தில் எச்சத்தைத்தான் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

குகை வாயிலுக்குள் கண்ணுக்கு எட்டும் தூரம், ஏழெட்டு சென்டிமீட்டர் வரை மட்டும், உட்சுவர் செய்து கறுப்படியுங்கள். அதற்கு அப்பால் சுவரே தேவையில்லை, இருட்டு பார்த்துக்கொள்ளும். பி.வி.சி. குழாயைப் பாதியாகப் பிளந்து நீளத்துக்கும் கவிழ்த்துவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். அது மறுபடியும் கை நுழையாத குகை.

இனி உங்கள் ஆசைக்கும் பேரன் ஆசைக்கும் உள்ள வழக்கு. தீர்ப்பு உங்கள் பக்கம் என்று சொல்லத்தான் விருப்பம், ஆனால் ஒரு சிக்கல். கோலாலம்பூர் – கிள்ளான் பாதையில் ஒரு மலைக்குகைகூடக் கிடையாது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை போட்ட பாதை அது. நடுவில் கிள்ளான் ஆறு குறுக்கிட்டதால் ஊருக்குள் வராமல் அக்கரையோடு நின்றது. 1890-இல் பாலம் கட்டி ஊருக்குள் வந்தது. பிறகு, 1901-இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், வரை நீண்டு கடலைத் தொட்டது. பள்ளத்தாக்கின் போக்கில் தாழ்ந்த நிலத்தில் ஓடும் தடம். பாலம் உண்டு, வாய்க்கால் உண்டு; குடைவதற்குத்தான் மலை இல்லை. அந்தப் பாதையை அப்படியே 1:150-க்குச் சுருக்கினாலும் 200 மீட்டருக்கு மேல் நீளும் என்பதால், எப்படியும் நீங்கள் இரண்டு மூன்று இடங்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். என்னைக் கேட்டால் முன்பக்கத்தில் கிள்ளான் ஸ்டேஷன், ஒரு பாலம், மறுகோடியில் பிரிக்பீல்ட்ஸ். ரொசாரியோ சாலையில் இருந்த நூறு வீடுகள் இடிபட்டுவிட்டன, இன்றைய கே.எல். சென்ட்ரலும் பழைய ரயில்வே யார்டின் மேல் எழுந்ததுதான். அந்த வீட்டு வரிசையின் மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காது. வாசல் எங்கே, படிக்கட்டு எங்கே, சமையலறைப் புகைபோக்கி எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். அட்டையில் நீங்களே செய்யுங்கள்.

குகைக்கு என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது. தைப்பிங்குக்கும் பாடாங் ரெங்காஸுக்கும் நடுவே புக்கிட் பெராபிட் மலையில் நிஜமான ரயில் குகைகள் உண்டு. பழைய பாதையில் ஒற்றைத் தடக் குகைகள் இருந்தன. ஈப்போ – பாடாங் பெசார் இரட்டைத் தடம் போட்டபோது 3.3 கிலோமீட்டர் நீளத்தில் புதிய இரட்டைக் குகை வந்தது. ஆனால் அது பேராக். கிள்ளானுக்குப் பக்கத்தில் அதை வைத்தால், ரயில் தெரிந்தவர் யாராவது வந்து பார்த்துச் சிரிப்பார். ஊட்டி மலை ரயில் மாதிரி வேண்டும் என்று பேரன் ஆரம்பித்தால், அதுவும் மீட்டர் கேஜ்தான், 16 குகைகளும் உண்டு. ஆனால் அங்கே ஏற்றம் 12 அடிக்கு ஓரடிக்கு நெருக்கம், நடுவில் பல்சட்டம் வைத்துத்தான் இன்ஜின் ஏறுகிறது. உங்கள் வண்டி அதில் பாதி ஏற்றத்திலேயே சக்கரம் வழுக்கி நிற்கும். அதை வேறொரு பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலை ஸ்டேஷனை வைத்துச் சுண்ணாம்புக் குன்றுக்குள் ரயிலை விடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ரயில் குன்றின் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. முருகன் கோயிலுக்குள் கொமியூட்டர் ரயிலை ஓட்ட வேண்டாமே!

மூன்றாவது வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பேரன் சொன்ன எம்.ஆர்.டி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரயில் பூமிக்குள் போவது எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. தடங்களில்தான். 2017-இல் முழுமையாகத் திறந்த காஜாங் தடம் செமந்தான் வரை தூண்களின் மேல் வந்து, அதன்பின் நிலத்துக்குள் நுழைந்து, முசியும் நெகாராவில் பிரிக்பீல்ட்ஸின் பக்கத்திலேயே நிற்கிறது. மலூரி வரை 9.5 கிலோமீட்டர் நிலத்தடியில் ஓடி, மறுபடி வெளியே வருகிறது. பத்துமலையில் நாம் பார்க்கிற அதே வகைச் சுண்ணாம்புக்கல்தான் நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியிலும் இருக்கிறது, உள்ளுக்குள் பொந்தும் பள்ளமுமாக. அதைக் குடைய, சேற்றின் அடர்த்தியை இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் துளைப்பு இயந்திரத்தை உலகிலேயே முதன்முதலாகக் கோலாலம்பூரில்தான் இறக்கினார்கள். பேரனுக்கு இதைச் சொல்லுங்கள், ஊட்டியை மறந்துவிடுவான்.

மாதிரி செய்பவருக்கும் எம்.ஆர்.டி. குகை வசதியானது. கிள்ளான் பாதையில் ஓடும் கே.டி.எம். மின்சார ரயிலுக்கு மேலே கம்பி வேண்டும். விரித்த பாண்டோகிராஃபோடு வண்டியை ஓட்டினால் அது குகை விளிம்பில் மாட்டி ஒடியும், அதற்காக வாயிலை உயர்த்தினால் அசிங்கமாகத் தெரியும். எம்.ஆர்.டி.க்கு மின்சாரம் தடத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் வருகிறது, மேலே ஒன்றும் இல்லை. வாயிலில் கல் கட்டடமும் வளைவும் தேவையில்லை. இருபக்கமும் கான்கிரீட் சுவர், அதன் முடிவில் பெட்டி வடிவத்தில் ஒரு வாய். 5 மி.மீ. நுரை அட்டையும் சாம்பல் நிறப் பெயிண்டும் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். அந்த வாயை நேர்த்தடத்தில் வையுங்கள், வளைவு உள்ளே தொடங்கட்டும். வாய் குறுகலாக இருந்தால்தான் அழகு, வளைவில் குறுக்க முடியாது. தட அகலத்தில் ஒரு பிழை இருக்கும்: எம்.ஆர்.டி. 1435 மி.மீ., கே.டி.எம். 1000 மி.மீ.; உங்கள் பலகையில் இரண்டும் ஒரே 9 மி.மீ. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜப்பானியர்களே தங்கள் 1067 மி.மீ. ரயில்களை இந்த 9 மி.மீ. மேல்தான் ஓட்டுகிறார்கள். ஜே.ஆர். வெஸ்ட்டின் 14 வரிசைப் பெட்டிகள் பின்னாளில் கே.டி.எம்முக்கே வந்தன. அவற்றின் மாதிரி உங்களிடம் இருந்தால் தயங்காமல் கிள்ளான் தடத்தில் ஓட்டுங்கள்.

தடத்தைப் பூமிக்குள் இறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்காதீர்கள். ஒரு தடத்தின் அடியில் இன்னொன்று போக இந்த அளவில் 5 சென்டிமீட்டராவது வேண்டும். நூற்றுக்கு இரண்டரை என்ற ஏற்றத்தில், அதுதான் ஐந்தாறு பெட்டி இழுக்கும் சின்ன இன்ஜினுக்குத் தாங்கும், இறங்க இரண்டு மீட்டர், ஏற இரண்டு மீட்டர். உங்கள் பலகையின் ஒரு முழுச் சுற்றே ஏறத்தாழ 4 மீட்டர்தான்! ஸ்டேஷன் வைக்க ஒரு முழம் மட்டமான தடம்கூட மிஞ்சாது. அதனால் தண்டவாளத்தை மட்டமாகவே விட்டுவிட்டு நிலத்தை உயர்த்துங்கள். பலகையின் பின்பாதியில் 6 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தட்டு, அதன் மேல் டாமன்சாரா மேடு, சாலை, கட்டடங்கள், அடியில் எம்.ஆர்.டி. தடம். வாயிலுக்கு முன்னால் இருபக்கச் சுவரை மட்டும் சரிவாக உயர்த்திக்கொண்டே போனால், ரயில் இறங்குவதாகக் கண் நம்பிவிடும். தட்டைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தடம் முழுவதும் கைக்கு வரும். உங்கள் கிள்ளான் பாதை முன்னால், அவன் எம்.ஆர்.டி. பின்னால், சண்டை தீர்ந்தது.

தட்டைப் போடுவதற்கு முன் ஒரு பரீட்சை வையுங்கள், ஆசிரியைக்கு அது புதிதல்ல. இருக்கிற பெட்டிகளையெல்லாம் கோத்து, இன்ஜினைப் பின்னால் வைத்து, முழு ரயிலையும் தள்ளிக்கொண்டு போகச் செய்யுங்கள். இழுக்கும்போது மறைந்துகொள்ளும் குறைகள் தள்ளும்போது வெளிவந்துவிடும். இரு திசையிலும், மெதுவாகவும் வேகமாகவும், ஒரு மாலை முழுக்க ஓடி, ஒரு பெட்டிகூடப் புரளாவிட்டால் மறுநாள் மலை வேலையைத் தொடங்கலாம். புரண்டால், புரண்ட இடத்தில் பென்சிலால் குறியிட்டு அந்த இணைப்பைப் பிரித்துப் பாருங்கள்; அதுவரை நுரைப்பலகை வாங்கவே வேண்டாம்.